வெறும் தண்ணீரில் தலை முழுகுதல்: திருகோணமலைத் தண்ணீருக்குச் சரிவருமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாம்பூவை விட்டுவிட்டு வெறும் தண்ணீரால் தலை கழுவுவது நல்ல முறைதான், ஆனால் அது உங்கள் முடியை விட உங்கள் வீட்டுத் தண்ணீரில்தான் அதிகம் தங்கியிருக்கிறது. நகரத்துக்குள் குழாய்த் தண்ணீர் வருகிற வீடு என்றால் தாராளமாகச் செய்து பார்க்கலாம். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கடலோரக் கிணற்றை நம்பி இருக்கிறவர்கள் மாரி மழை விழும்வரை இதைத் தொட வேண்டாம். நான் பார்த்த வீடியோக்களில் ஒன்றிலும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு இடுப்பு வரை முடி, கொஞ்சம் சுருள். வீடு உப்புவெளிப் பக்கம், கிணற்றுத் தண்ணீர், மோட்டர் போட்டு மேலே தாங்கிக்கு ஏற்றுகிறோம். அம்மா வீடு உவர்மலையில், அங்கே குழாய்த் தண்ணீர். ஒரே தலையை இரண்டு தண்ணீரிலும் மாறி மாறிக் கழுவிப் பார்க்க முடிந்ததால்தான் துணிந்து இதை எழுதுகிறேன்.

முறை என்னவென்று தெரியாதவர்களுக்கு: தண்ணீரை ஊற்றிவிட்டு வருவது இல்லை இது. வேலை பாதி, தலை நனைவதற்கு முன்னமே முடிய வேண்டும். காய்ந்த முடியைச் சிக்கெடுத்து, நகம் படாமல் விரல் நுனியால் தலைத்தோலை எல்லா இடமும் தேய்க்க வேண்டும், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கொஞ்சம் கூட. அப்புறம் முடியைச் சின்னச் சின்னப் பிரிவாக எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து வேரிலிருந்து நுனிவரை இழுத்து வர வேண்டும். வேரில் தேங்கி நிற்கிற எண்ணெய் அப்படித்தான் நுனிக்குப் போகும். வெளிநாட்டுக்காரர் இதற்குப் பன்றி முள் பிரஷ் வாங்கச் சொல்கிறார்கள், இங்கே கடையில் நான் அதைக் காணவில்லை, தேவையும் இல்லை. அகலப் பல் உள்ள மரச் சீப்பில் பழைய பருத்தித் துணியைச் செருகிச் சீவினால் போதும். ஒரு பக்கம் சீவி முடித்ததும் அந்தத் துணியை எடுத்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் பிசுக்கென்று ஒரு படை ஒட்டியிருக்கும். தண்ணீரால் போகாதது அதுதான், துணியில் வந்துவிட்டால் தலையில் அவ்வளவு குறைவு.

பிறகுதான் தண்ணீர். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் தலையில் சுரக்கிற எண்ணெய் குளிர்ந்த தண்ணீரில் இறுகிப்போகும், உடம்புச் சூட்டில்தான் இளகும். இந்த விஷயத்தில் திருகோணமலைக்காரர் கொடுத்து வைத்தவர்கள். கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கிற மாதங்களில் மதியம் மொட்டை மாடித் தாங்கியிலிருந்து வருகிற தண்ணீர் தானாகவே சுடுகிறது, கேத்தல் வைக்கும் வேலை இல்லை. ஊற்றிக்கொண்டே விரலால் தேய்க்க வேண்டும், ஊற்றி முடித்துவிட்டுத் தேய்த்தால் பயனில்லை. நீண்ட முடிக்குத் தண்ணீர் நிறையச் செலவாகும், நேரமும் ஷாம்பூ போடுவதைப்போல இரண்டு மடங்காவது எடுக்கும். வேலைக்குப் போகிற காலையில் இதைத் தொடங்காதீர்கள்.

சரி, இப்போது தண்ணீருக்கு வருவோம்.

உவர்மலையில் கழுவிய தலை, முதல் சில வாரம் கொஞ்சம் கனமாக இருந்தாலும், காய்ந்த பிறகு முடி பிரிந்து பிரிந்து நின்றது. சுருள் பறந்து பஞ்சாகவில்லை, நுனி வறண்டு கிடக்கவில்லை. ஷாம்பூ போட்ட அன்று என் முடி எப்போதும் இரண்டு பங்காக ஊதி நிற்கும், அது இல்லாமல் போனதே எனக்குப் பெரிய ஆறுதல். அதே வேலையை அதே கவனத்தோடு எங்கள் கிணற்றுத் தண்ணீரில் செய்தால், காய்ந்த பிறகு முடி மெழுகு பூசியதுபோல் நிற்கும். விரல் உள்ளே போகாது. சீப்புப் பல்லின் அடியில் வெள்ளையாக ஏதோ சேர்ந்துவிடும், நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரியே சுருண்டு வரும்.

காரணம் சிக்கலானது இல்லை. எங்கள் பக்கத்து மணலில் சிப்பித் துண்டும் சங்குத் துண்டும் கலந்து கிடக்கின்றன. மழைநீர் அதனூடாக இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய்க் கிணற்றில் சேருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கெட்டிப்படுவதும் அதே சுண்ணாம்புதான். தண்ணீரில் உள்ள அந்தக் கல்சியமும் மக்னீசியமும் தலை எண்ணெயில் இருக்கிற கொழுப்பமிலத்தோடு சேர்ந்தால், தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்காக மாறி முடியில் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரம் போட்டுக் குளித்த காலத்தில் முடி மங்கிப் போனதும் இதனால்தான். 1930களில் செயற்கைச் சலவைப் பொருளில் செய்த ஷாம்பூக்கள் வந்ததும் சவர்க்காரம் தலையை விட்டுப் போனதற்கு அதுவே முக்கிய காரணம், இப்படிச் சுண்ணாம்பு ஏறிய கடினத் தண்ணீரிலும் அவை இந்தப் பிசுக்கை உண்டாக்குவதில்லை. ஆகவே நிலாவெளியில் ஒரு பெண் ஷாம்பூ இல்லாமல் முடியாது என்று சொன்னால் அது சோம்பலும் இல்லை, விளம்பரத்துக்கு எடுபட்டதும் இல்லை, அவளுடைய கிணறு அப்படி. கச்சான் காலத்தில் கிணறு வற்ற வற்ற உப்பும் ஏறும். கடலோரக் கிணறு எவ்வளவு சுலபமாக உப்பாகும் என்று 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். ஆற்றிலும் மழையிலும் சேர்ந்த தண்ணீர் என்பதால் அது எங்கள் கிணற்றைவிட எவ்வளவோ மென்மை. குளோரின் வாடை பிடிக்காவிட்டால் முதல் நாள் இரவே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள், போய்விடும்.

உங்கள் தண்ணீர் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. வெறும் போத்தல் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, கட்டிச் சவர்க்காரத்தைக் கொஞ்சம் சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை பொங்கி, கீழே தண்ணீர் தெளிவாக நின்றால் நல்ல தண்ணீர். நுரை வராமல் பால்போல் கலங்கித் திரிதிரியாக மிதந்தால், அந்தத் திரிதான் நாளைக்கு உங்கள் தலையில். பாத்திரம் கழுவுகிற திரவத்தை ஊற்றிப் பார்க்காதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும், ஒன்றும் விளங்காது.

கிணற்றுக்காரருக்கும் வழி இருக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை இங்கே மழைதான். கூரைப் பீலியில் முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையைப் பெரிய வாளியில் பிடித்தால், அதைவிட மென்மையான தண்ணீர் எந்தக் குழாயிலும் வராது. மழைத் தண்ணீரில் கழுவிய முடி எனக்கு உவர்மலைத் தண்ணீரில் கழுவியதை விடவும் நன்றாக இருந்தது. ஆனால் மாரியில் இடுப்பு வரை முடி காயாது. ஈரத்தோடு கொண்டை போட்டால் மாலைக்குள் புழுங்கல் வாடை அடிக்கும். மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டுக் காய விடுங்கள், சாம்பிராணி போடுகிற வீடு என்றால் இன்னும் நல்லது.

கிணற்று நீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிவை மட்டும் இறுத்து கடைசி வாளிக்கு வைத்தாலும் கொஞ்சம் குறையும், முழுவதும் போகாது. கடைசி வாளியில் அரைத் தேசிக்காய் பிழிந்துவிட்டால் அந்த மெழுகுப் பிசுக்கு இளகும், இதை நான் நிச்சயமாகச் சொல்வேன். ஆனால் ஒன்று, தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்கிற நிலையில் வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுப்புத் தழும்பு விழும், நெற்றியிலும் கழுத்திலும் விழுந்தால் மாதக் கணக்கில் போகாது. நல்ல தண்ணீரால் திரும்பவும் அலசிவிட்டே வெளியே போங்கள்.

இனி எண்ணெய் விஷயம். என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் பெரிய குறை இதுதான். தலையில் தானாகச் சுரக்கிற எண்ணெயை விரலாலும் சீப்பாலும் சமாளிப்பதற்காக யோசித்த முறை இது. அதை யோசித்தவர்கள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் இல்லை. நாம் ஒரு கை நிறைய வைத்துவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் அங்கேயேதான் இருக்கும், தலையணை உறையில் போய் இறங்கும். எண்ணெயா, வெறும் தண்ணீரா என்று ஒன்றைத் தெரிவுசெய்துதான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் மாமிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“என்ன பிள்ளை, எண்ணெய் வைக்காத தலையோட விளக்கேத்தப் போறியே?” என்று கேட்டார்.

“இல்லை மாமி, நுனிக்குக் கொஞ்சம் தடவியிருக்கிறன்” என்றேன். உண்மையும் அதுதான், நுனிக்கு இரண்டு சொட்டு தடவினால் இந்த முறை கெடுவதில்லை, வேரில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மாமி அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “ஷாம்பூ வேண்டாமெண்டால் அரப்பும் சீயாக்காயும் என்னத்துக்கு இருக்கு?” நியாயமான கேள்வி. சீயாக்காயில் இருக்கிற சப்போனின் இயற்கையாகவே நுரைக்கும், எண்ணெயையும் எடுக்கும். செவ்வரத்தை இலையைக் கசக்கினால் வருகிற வழவழப்பு சிக்கை எடுத்துவிடும். ஷாம்பூ தலையை வறட்டுகிறது என்பதற்காக இதற்கு வருகிறவர்கள், எண்ணெய் முழுக்கை விட மனமில்லாதவர்கள் என்றால், நேரே அரப்புக்கும் சீயாக்காய்க்கும் போங்கள். வெறும் தண்ணீரை விட அது உங்களுக்குப் பொருந்தும். கண்ணில் மட்டும் படாமல் பாருங்கள், சீயாக்காய் எரிகிற எரிவு ஷாம்பூவில் இல்லை.

இன்னொரு விஷயம். “தலை பழகிவிடும், எண்ணெய் சுரப்பது குறைந்துவிடும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பி மாதக் கணக்கில் காத்திருக்காதீர்கள். எண்ணெய் சுரப்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஹோமோன், நாம் எதைப் போட்டுக் கழுவுகிறோம் என்பது இல்லை. எனக்கும் எண்ணெய் குறைந்ததாகத் தெரியவில்லை. சீவிச் சீவி அது வேரிலிருந்து முடி முழுவதும் பரவிவிடுவதால் தலை பிசுபிசுக்காமல் தெரிகிறது, அவ்வளவுதான். சுருள் முடியில் பரவ நேரம் எடுக்கும், நேர் முடியில் சுலபம்.

பொடுகு உள்ளவர்கள் செய்யவே வேண்டாம். மலசீசியா என்கிற பூஞ்சை எல்லோர் தலையிலும் இருக்கிறது, அதற்குச் சாப்பாடே இந்த எண்ணெய்தான். எண்ணெயைத் தேங்க விட்டால் அது பெருகும், அது விட்டுப்போகிற அமிலம் தலைத்தோலை அரிக்க வைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தங்கைக்குப் புருவம் வரை செதில் வந்துவிட்டது. தோல் வைத்தியர் பூஞ்சைக்கு எதிரான கீட்டோகொனசோல் ஷாம்பூ எழுதிக் கொடுத்த பிறகே அடங்கியது. அரிப்பு, சிவப்பு, செதில் எதுவும் கண்டால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இது அருமையாக வேலை செய்கிற இடமும் இருக்கிறது. கடலில் குளித்து வந்த தலைக்கு இதுதான் சரி. கடல்நீரில் லீட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அது தண்ணீரில் தானே கரைகிற சாமான், வேர்வையும் புழுதியும் அப்படியே. டச்சுக் குடாவில் மாலையில் குளித்தாலும் புறாமலைத் தீவுக்குப் போய் வந்தாலும் ஷாம்பூ தேவையே இல்லை, நல்ல தண்ணீரில் விரல்விட்டு அலசினால் போதும். கடலில் இறங்குவதற்கு முன்னமே முடியை நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டால் உப்புத் தண்ணீரை அது குறைவாகத்தான் குடிக்கும். குட்டை முடி வைத்திருக்கிற ஆண்களுக்கும் இது சுலபம். எங்கள் வீட்டுக்காரர் இப்போது ஷாம்பூப் போத்தலைத் தொடுவதே இல்லை, அவருடைய தலைக்குக் கிணற்றுத் தண்ணீர்கூடச் சரியாகத்தான் இருக்கிறது.

நான் இப்போது செய்வது: மழைக் காலத்தில் பீலித் தண்ணீர், உவர்மலைக்குப் போகிற கிழமைகளில் குழாய்த் தண்ணீர், கச்சான் காலத்தில் வேருக்கு மட்டும் கொஞ்சம் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து கிழமைக்கு ஒரு முறை. ஒரு போத்தல் முன்பைவிட எவ்வளவோ காலம் வருகிறது, 2022இல் விலை ஏறிய பிறகு அதுவும் சின்ன விஷயம் இல்லை. சீப்பையும் துணியையும் மட்டும் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் எடுத்த பிசுக்கைத் திரும்பத் தலைக்கே கொண்டுபோகிறீர்கள்.

பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகளுக்கு இதைச் செய்யலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். வேண்டாம் என்பேன். இரட்டைப் பின்னல், எண்ணெய், வெயிலில் விளையாட்டு, பக்கத்துப் பிள்ளையிடமிருந்து பேன், இவ்வளவையும் வெறும் தண்ணீர் தாங்காது. சாதாரண ஷாம்பூவாலும் பேன் போவதில்லை. ஈர முடியில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, பேன் சீப்பால் வேரிலிருந்து வாரி, ஒவ்வொரு வாரலையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை, இரண்டு கிழமைக்கு விடாமல்.