தண்டையார்பேட்டை வீட்டு புரோக்கர்: ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுக்கலாமா?

எங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கருக்கு 5க்கு மூன்றரை மார்க் கொடுக்கிறேன். அதில் இரண்டு தண்ணீர் விஷயத்துக்கு மட்டும்.

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். என் கணவருக்கு அத்திப்பட்டு புதுநகர் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தாக வேண்டும். மாமியார், இரண்டு பிள்ளைகள், பத்தாயிரத்துக்குள் வாடகை. இதை வைத்துக்கொண்டு ஆப்பில் தேடினால் 'ஓனர்' என்று போட்டிருக்கும் நம்பரை எடுப்பவர் பாதி நேரம் புரோக்கர்தான். வீடு நன்றாக இருந்தால் நாம் போய்ச் சேர்வதற்குள் யாரோ டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து எந்தச் சந்தில் வீடு இருந்தாலும் 'ஸ்டேஷன் பக்கத்துலதான்' என்கிறார்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஸ்டேஷன் வேறு, மின்சார ரயில் ஸ்டேஷன் வேறு. எது என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கொருக்குப்பேட்டையில் வாடகை கொஞ்சம் இறங்கும். ஆனால் கூட்ஸ் வண்டிக்குக் கேட் போட்டுவிட்டால் கடைக்கு லேட்.

இந்த புரோக்கர் அண்ணனுக்கு ஆபீஸ், போர்டு எதுவும் கிடையாது. ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றபடி போன் பேசிக்கொண்டிருப்பார். முதலில் அவர் கேட்டது வாடகையை அல்ல, "எத்தனை தலைம்மா?" என்றுதான். ஐந்து என்றதும் இரண்டு வீடுகளை அவரே கழித்துவிட்டார். தலைக்கு இவ்வளவு என்று தண்ணீர்க் காசு வாங்கும் ஓனர்களாம். மீன் சமைத்தால் முகம் சுளிக்கும் வீட்டையும் காட்டவே இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அப்படி ஓனர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

வீடு காட்டுவது விடியற்காலையில், மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியத் தண்ணீர்) வரும் நேரத்தில் மட்டும். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அங்கே போனதும் ஹாலையோ பெட்ரூமையோ பார்க்காமல் நேராக அடிபம்புக்குப் போனார். முதலில் வந்த தண்ணீரைக் கீழே விட்டார். அப்புறம் ஒரு பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூடியைத் திறந்து என் மூக்குக்கிட்ட நீட்டினார். கப்பென்று சாக்கடை நாற்றம். ஓனர் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், அதைப் பற்றி இவருக்குக் கவலையே இல்லை. "லைன் கலக்குதும்மா, இது வேணாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் போட்ட வீடு அது. சாயந்திரம் பார்த்திருந்தால் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

அவர் சொன்ன இன்னொரு யோசனையும் பலித்தது. மே, ஜூனில் ஸ்கூல் அட்மிஷன் கூட்டம், ஓனர்கள் கறார். ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள், காலி வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் பால் காய்ச்சினோம். 9,500 ரூபாய், மாடி போர்ஷன், தண்ணீருக்குத் தனிக் காசு கிடையாது.

இனி குறைகள். அட்வான்ஸ் பேசும்போது இவர் நம் ஆள் இல்லை. பத்து மாத அட்வான்ஸ்தான் ஊர் வழக்கம் என்று ஓனரோடு சேர்ந்து தலையாட்டினார். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நான் அதைச் சொன்னதும் "சட்டம் பேசினா வீடு கிடைக்காதும்மா" என்றார். பேசிப் பேசி ஐந்து மாதத்தில் நிறுத்தினேன். கமிஷனை இரண்டு பக்கமும் வாங்குகிறவர் யாருக்காகப் பேசுவார், சொல்லுங்கள்?

கரண்ட் மீட்டர் விஷயத்திலும் வாயே திறக்கவில்லை. தனி இ.பி. மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். எங்களுக்கு ஓனர் மீட்டரிலிருந்து பிரித்த சப் மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று முதல் யூனிட்டிலிருந்தே ஓனர் கணக்குப் போடுகிறார். இதைக் கேட்டால் "அதெல்லாம் ஓனர்கிட்ட பேசிக்குங்க" என்று போனை வைத்துவிடுகிறார். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்கள் என்பதும் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

கமிஷன் முழுதாக ஒரு மாத வாடகை. குறைக்கச் சொன்னால் சிரிப்பார், குறைக்க மாட்டார். சாவி கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும். முன்பணம் கேட்பதில்லை, அந்த மட்டும் நாணயம். ஆனால் பதினோரு மாதம் முடிந்து அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது பாதிக் கமிஷன் என்று வந்து நிற்பார், கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார். டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.