கொழிஞ்சாம்பாறையில் ஒரு பழைய ஜி41 பெட்டி: ரேமும் அப்டேட்டும் படுத்திய பாடு

கோர் 2 டுவோ இ7500 பிராசஸர், ஜி41 சிப்செட் உள்ள மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2018-இல் கோவை காந்திபுரத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கி, வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாக பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு பஸ்ஸில் கொண்டுவந்த பெட்டி இன்றும் ஓடுகிறது. தென்னந்தோப்புக் கணக்கு, கரண்ட் பில், பிள்ளைகளின் பாடம் எல்லாம் இதில்தான். வேகத்தைப் பற்றிப் பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் அப்டேட் பாதியில் கவிழ்வதையும் ரேம் திணறுவதையும் இதில் எல்லா விதத்திலும் பார்த்தாயிற்று.

அப்டேட் ஏறவில்லை என்று எந்தக் கடையில் போய்ச் சொன்னாலும் "ரேம் போட்டா சரியாயிருமுங்ணா" என்பார்கள். ரேம் குறைந்தால் கணினி மெதுவாகும், அது உண்மை. அப்டேட் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்க்கில் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் காசுதான் வீண்.

ரேம் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் 2 ஜிபி போதவில்லை. பிரவுசரில் வகுப்பு ஓடும்போது பாடக் கோப்பைத் திறந்தால் மவுஸ் அம்புக்குறி அப்படியே நின்றுவிடும். சித்தூரில் (நம் பாலக்காட்டுச் சித்தூர்தான்) ஒரு கடையில் 4 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். திரை கறுப்பு, உள்ளிருந்து பீப் பீப் சத்தம். ரேம் கெட்டது என்று கடைக்காரர் வேறொன்று மாற்றித் தந்தார், அதற்கும் அதே கதி. விஷயம் ரேம் கெட்டதல்ல. ஜி41 பழைய வகைச் சில்லுகளைத்தான் ஏற்கும். 4 ஜிபி ஸ்டிக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் 8, மறு பக்கம் 8 என்று மொத்தம் 16 கறுப்புச் சில்லுகள் இருந்தால் ஓடும். ஒரே பக்கத்தில் 8 மட்டும் இருந்தால், ஒவ்வொன்றும் அடர்த்தி கூடிய சில்லு, இந்த போர்டுக்குப் புரியாது. இந்த விவரம் பல கடைகளில் தெரிவதில்லை, பெட்டியின் மேல் லேபிளிலும் இருக்காது. 16 சில்லு ஸ்டிக் தேடிப் பிடித்த பிறகுதான் பெட்டி எழுந்தது. போர்டு தாங்குவது அதிகபட்சம் 8 ஜிபி. அதற்கு மேல் எவ்வளவு செலவழித்தாலும் பிரயோஜனமில்லை.

சரி, ரேம் ஏறியது. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்தால் பயன்படுத்தக்கூடியது மூன்று ஜிபியும் சொச்சமும் என்று காட்டுகிறது. மீதியை யாரும் திருடவில்லை. பெட்டியில் இருந்தது 32 பிட் விண்டோஸ். 32 பிட்டால் எழுதக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி, அதாவது 4 ஜிபி. அதில் ஒரு பகுதியை கிராபிக்ஸ் முதலான சாதனங்களுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குத் தரும். இ7500 நல்ல 64 பிட் பிராசஸர். வாங்கும்போதே 32 பிட் விண்டோஸ் 7 போட்டு விற்றிருந்தார்கள், அதன் மேல் விண்டோஸ் 10-க்கு மாறியதால் அதுவும் 32 பிட்டாகவே வந்தது. 32 பிட்டின் மேலேயே 64 பிட்டை ஏற்ற முடியாது. எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அதே எடிஷனாக இருந்தால் லைசென்ஸ் அப்படியே செல்லும், மறுபடி வாங்கத் தேவையில்லை.

இடையில் ஒன்று. கோபாலபுரத்தில் மச்சான் வீட்டுக் கணினியில் 8 ஜிபி போட்டும் 2 ஜிபிதான் காட்டியது. யாரோ வீடியோ பார்த்து எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட் பகுதிக்குப் போய் 'மேக்ஸிமம் மெமரி'யில் டிக் அடித்து வைத்திருந்தார்கள். அந்த டிக் வேகத்தைக் கூட்டாது, வரம்புதான் போடும். எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் முழுசாக வந்துவிட்டது.

இப்போது அப்டேட். "முடிக்க முடியவில்லை, மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்ற வாசகத்தில் ஒரு தகவலும் கிடையாது. 'அப்டேட் ஹிஸ்டரி'யில் இருக்கும் பிழை எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 80070070 என்று முடிந்தால் சி டிரைவில் இடம் இல்லை. கடைக்காரர்கள் சி டிரைவுக்கு 40 ஜிபி மட்டும் கொடுத்து மீதியை டி, இ என்று பிரித்துத் தருவார்கள். பெரிய அப்டேட் வந்தால் அது எங்கே போகும்? 80073712 என்றால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பழுது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து முதலில் டிஸ்ம், அப்புறம் எஸ்எஃப்சி என்ற பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓட்ட வேண்டும். எனக்கு அது கைகொடுத்தது.

என்னை அதிகம் சுற்றவிட்டது 'சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை' என்ற செய்தி. சி டிரைவில் தாராளமாக இடம் இருக்கும்போதே இது வரும். விண்டோஸ் 7 போடும்போது டிஸ்க்கின் தொடக்கத்தில் 100 எம்பிக்கு ஒரு மறைவான பகுதியை உண்டாக்கும். விண்டோஸ் 10-க்கு அது பத்தாது. அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துத் திறந்து, உள்ளே பூட் கோப்புறையில் வரிசையாகக் கிடந்த வேற்று மொழிக் கோப்புறைகளை நீக்கி, ஆங்கிலத்தை மட்டும் விட்டேன். சில எம்பி காலியானதுமே அப்டேட் ஏறிவிட்டது. இதைச் செய்யும் முன் பேக்கப் கட்டாயம், கை தவறினால் பெட்டி எழாது.

2024 ஜனவரியில் வந்த கேபி 5034441 என்ற அப்டேட் வேறு ரகம். பிழை எண் 80070643. நம் பக்கம் ஒரு குறையும் இல்லை, விண்டோஸ் பழுதானால் மீட்பதற்கென்று டிஸ்க்கில் இருக்கும் ரெகவரி பகுதியில் 250 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. பார்ட்டிஷனை நாமே பெருக்கிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் வழிமுறை எழுதி வைத்தது. வீட்டில் கணினி வைத்திருப்பவர் டிஸ்க்கைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கட்டளையைப் படிக்க வேண்டுமாம்! நான் அதைச் செய்யவில்லை. மற்ற அப்டேட்கள் ஒழுங்காக ஏறியதால் அதை அப்படியே விட்டுவைத்தேன்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடியில் மட்டை விழுந்து கரண்ட் போவது சாதாரணம். அப்டேட் நடக்கும்போது போனால் அடுத்த முறை பெட்டி எழுந்து எல்லாவற்றையும் பின்னோக்கி இழுக்கும். விண்டோஸ் 10-இல் 35 நாள் வரை அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். காற்று ஓயும்வரை நிறுத்திவிட்டு, யுபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் ஏற்றுவதே வழக்கமாகிவிட்டது.

செய்த செலவுகளில் காசுக்கு மதிப்பு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போட்ட எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்தான். இந்த போர்டில் அதன் முழு வேகம் வராது, ஆனாலும் ரேம் போட்டபோது தெரியாத வித்தியாசம் இதில் முதல் நாளே தெரிந்தது.

விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். குறுக்கு வழியில் போட்டாலும் அதன் 24எச்2 பதிப்பு பாப்கவுண்ட் என்ற கட்டளை இல்லாத பிராசஸரில் பூட்டே ஆகாது. இ7500-இல் அது இல்லை. அதனால் எஸ்எஸ்டியின் பாதியில், விண்டோஸுக்குப் பதிலாக, பழைய பெட்டிக்கும் தோதான லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டாயிற்று. வீட்டில் எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன். மகள் பார்த்துவிட்டு "இது ஸ்கூல்ல இருக்கற மாதிரிதானப்பா" என்று வேலையைத் தொடங்கிவிட்டாள். கேரளப் பள்ளிகளில் கைட் என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப அமைப்பு தரும் உபுண்டு வழி வந்த லினக்ஸ்தான், தமிழ் மீடியத்திலும் அதே. மறு பாதியில் விண்டோஸ் 10 இருப்பது பழைய லேசர் பிரிண்டருக்காக மட்டும், அதற்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை சிங்க் செய்து, கூடுதல் ஓராண்டுப் பாதுகாப்பு அப்டேட்டை இலவசமாக வாங்கியிருக்கிறேன். அது 2026 அக்டோபர் 13 வரை. அதற்குப் பிறகு அந்த விண்டோஸ் பக்கத்துக்கு நெட் கிடையாது, பிரிண்ட் எடுக்க மட்டும்.