மேசை பி.எச். மீட்டர்: எலக்ட்ரோடு மாற்றிய பிறகு

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றின் ஆய்வகத்தில் நீரின் அமில, காரத் தன்மையை அளக்க நான் பயன்படுத்திவரும் மேசை பி.எச். மீட்டருக்கு அண்மையில் எலக்ட்ரோடு (நீரில் அமிழ்த்தும் உணர்முனை) மாற்றினோம். அதை அறிந்த வாணியம்பாடி நண்பர், இதே மாடலை வாங்கலாமா என்று கேட்டார். அளவு வரம்பும் துல்லியமும் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், என்னை விடாமல் வாட்டும் ஒரே குறையைப் பற்றி எழுதுகிறேன்.

தோல்களை ஊறவைத்த உப்புக் கழிவுநீரில் எலக்ட்ரோடை வைத்தால் எண் சட்டென நின்றுவிடுகிறது. ஆர்.ஓ. பிரிவிலிருந்து வரும் தெளிந்த நீரிலோ 6.41, 6.52, 6.47 என அலைந்துகொண்டே இருக்கிறது. வெப்பத்தால் மின்துகள்கள் ஓயாமல் அசைவதே காரணம் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதை என்னால் ஏற்க இயலவில்லை. 1928இல் இயற்பியலாளர்கள் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் விளக்கிய அந்த இரைச்சல் (மின்னழுத்தத்தின் சிறு நடுக்கம்), எலக்ட்ரோடு முனையிலுள்ள 100 மெகாஓம் தடையுள்ள கண்ணாடிச் சவ்வில்கூட ஒரு ஹெர்ட்ஸ் பட்டை அகலத்துக்கு ஏறத்தாழ 1.3 மைக்ரோவோல்ட்தான், பி.எச். 0.01 மாறுவதற்கோ அரை மில்லிவோல்ட்டுக்கு மேல் வேண்டும்.

காரணம், தெளிந்த நீரில் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) போதாமை. நீரில் ஒவ்வொரு மின்னூட்டத்தைச் சுற்றியும் எதிர் அயனிகள் திரண்டு அதன் விசையை மறைக்கின்றன. மின்கவர்ச்சி அவற்றைச் சேர்க்க, வெப்பம் கலைக்க, அந்த மறைப்பு எவ்வளவு தொலைவில் விசையைப் பெரிதும் தளர்த்தும் என்பதை டிபை, ஹியூக்கல் என்ற அறிவியலாளர்கள் 1923இல் கணக்கிட்டனர். லிட்டருக்கு 0.1 மோல் சாதாரண உப்புள்ள நீரில் அது ஏறத்தாழ 1 நானோமீட்டர், 0.001 மோலில் 10. அயனி குறையக் குறைய மறைப்பு தளர்வதோடு மின்கடத்தலும் சரிகிறது. ஒப்பிடுவதற்கான நிலையான மின்னழுத்தத்தைத் தரும் ஒப்பு எலக்ட்ரோடின் கரைசல் வெளிநீரைத் தொடும் இடத்தில் எழும் சந்திப்பு மின்னழுத்தம் நிலைகொள்ளாமல் நகர்கிறது, அருகில் கை அசைந்தாலே எண் அசைகிறது. தூய பொட்டாசியம் குளோரைடைச் சிறிது கரைத்ததும், மதிப்பு சற்றே நகர்ந்தாலும், எண் அமைதியாக நிற்கிறது. இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒரு பி.எச். அலகுக்கான மின்னழுத்தம் 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட், 40 டிகிரியில் 62.1. கத்திரி வெயிலிலும் இந்த வேறுபாட்டைக் கருவி தானே திருத்திக்கொள்வதை பி.எச். முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் பலமுறை சரிபார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

ஆயினும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். அவர் அளக்கப்போவது பெரும்பாலும் உப்புக் கழிவுநீர்தான், அதில் இது பிசகாது என்பதும் எனக்குத் தெரியும். வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட நிறுவனத்துக்கு இன்னொரு விற்பனையைத் தேடித்தர மனம் ஒப்பவில்லை.