விண்மீன் பார்க்க முதல் பைனாகுலர்: நிக்கான் அக்குலான் ஏ211 10×50

வானம் பார்க்கும் ஆர்வம் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய் அளவில் செலவிட நினைப்பவருக்கு என் பதில், தொலைநோக்கியை இப்போதைக்கு விட்டுவிட்டு 50 மில்லிமீட்டர் வில்லை கொண்ட நல்ல பைனாகுலர் ஒன்றை வாங்குங்கள் என்பதே. அந்த விலையில் வரும் தொலைநோக்கிகள் பலவற்றின் முக்காலி தொட்டாலே ஆடும். வானில் ஒரு பொருளைத் தேடிப் பிடிப்பதற்குள் புதியவருக்குப் பொறுமை போய்விடும். நான் பயன்படுத்திவரும் நிக்கான் அக்குலான் ஏ211 10×50 அந்தச் சிரமம் எதையும் தருவதில்லை.

10×50 என்பதில் 10 உருப்பெருக்கம். 50 முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். ஐம்பதைப் பத்தால் வகுத்தால் கிடைக்கும் 5 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம். இருட்டில் இளைஞரின் கண்பாவை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது சுருங்கும். எனவே நடுத்தர வயதுக்காரர் 7×50 வாங்கினால், அது தரும் 7 மில்லிமீட்டர் கற்றையில் ஒரு பகுதி கண்ணுக்குள் நுழையாமலே வீணாகும். நகரத்து ஒளி படிந்த வானத்தையும் 10 மடங்கு உருப்பெருக்கம் சற்றுக் கருமையாக்கிக் காட்டுவதால் மங்கலான விண்மீன்கள் எடுப்பாகத் தெரிகின்றன. ஆனால் கை நடுக்கம் உள்ளவருக்கும், ஒளி மாசில்லாத ஊரில் வாழும் இளைஞருக்கும் 7×50 நல்ல தேர்வுதான்.

அக்குலானின் உள்ளே இருப்பவை பாக்-4 என்னும் உயர்வகைக் கண்ணாடியில் செய்த போரோ வகைப் பட்டகங்கள், அதாவது ஒளியைத் திருப்பி உருவத்தை நேராகக் காட்டும் கண்ணாடித் துண்டுகள். விலை மலிவான கருவிகளில் வரும் பிகே7 கண்ணாடிப் பட்டகத்தைவிட இவை ஒளியை முழுமையாகக் கடத்தும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பினால், கண்வில்லையில் சிறு ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் ஒளி இழப்பு இருக்கிறது என்று பொருள். அடுத்து வில்லைப் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், பல அடுக்குப் பூச்சு உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். மாணிக்கச் சிவப்பில் பளபளக்கும் வில்லைகளையும், உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகைகளையும் வானம் பார்ப்பதற்கு வாங்கவே கூடாது.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்குலானில் கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி 11.8 மில்லிமீட்டர் மட்டுமே. கண்ணாடியோடு பார்த்தால் காட்சியின் ஓரம் மறைந்துவிடும். வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியச் சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம். உருளைப் பவர் (அஸ்டிக்மாடிசம்) அதிகம் உள்ளவர்கள் குறைந்தது 15 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வேறு மாதிரியை நாடுவதே நல்லது.

இக்கருவியின் உண்மையான பலம் 6.5 பாகை அகலமுள்ள அதன் காட்சிப் பரப்பு. தை மாதத்து முன்னிரவில் தலைக்கு மேலே நிற்கும் கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு விண்மீன்கள் தெரியும். இதில் பார்க்கும்போது நீல வெள்ளையாகப் பல பத்து விண்மீன்கள் தெரிவதோடு, சுற்றிலும் இருண்ட வானமும் சேர்ந்து தெரிவதால் அது தனித்த ஒரு கூட்டம் என்பது கண்ணுக்கே விளங்குகிறது. அதிக உருப்பெருக்கம் கொண்ட தொலைநோக்கியில் கூட்டத்தின் ஒரு மூலைதான் சிக்கும். பக்கத்திலேயே செந்நிற ரோகிணியும் அதன் பின்னே விரியும் ஹையடீஸ் என்னும் விண்மீன் கூட்டமும் ஒரே காட்சியில் அடங்குகின்றன. ரோகிணி 65 ஒளியாண்டிலும், அக்கூட்டம் 150 ஒளியாண்டுத் தொலைவிலும் இருப்பதை அறிந்து பார்க்கும்போது வானத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது. ஓரியன் விண்மீன் குழுவின் இடைக்கச்சைக்குக் கீழே உள்ள நெபுலா என்னும் வாயு மேகம் சாம்பல் நிறப் புகைத் திட்டாகத் தெரியும். புகைப்படத்தில் கண்ட சிவப்பையும் ஊதாவையும் எதிர்பார்க்கக் கூடாது. சித்திரை மாதத்து இரவில் தெற்கே ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் ஒமேகா செண்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து பஞ்சு உருண்டை போல நிற்கும். இங்கிலாந்தில் வாழ்பவர்களுக்கு அடிவானத்துக்கு மேலே வராத இதைத் தமிழ்நாட்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடிகிறது என்பதே எனக்கு இன்னும் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் இதில் தெரியும், ஆனால் கை ஆடக் கூடாது. எடை ஏறத்தாழ 900 கிராம் என்பதால் சிறிது நேரத்திலேயே தோள் களைத்துவிடும். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு முழங்கைகளை ஊன்றிப் பார்ப்பது பெரிதும் உதவும். அதைவிட, கருவியின் நடு அச்சின் முன்பக்கத் திருகு மூடியைக் கழற்றி, ‘எல்’ வடிவ அடாப்டரைப் பொருத்திக் கேமரா முக்காலியில் நிறுத்தினால் நிலவுகள் துல்லியமான புள்ளிகளாகிவிடும். சனியின் வளையத்தைத் தனியே பிரித்துக் காட்ட இதனால் முடியாது; அதற்குத் தொலைநோக்கிதான் வேண்டும்.

செலஸ்ட்ரான் ஸ்கைமாஸ்டர் 15×70 வாங்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். அது நிறைய ஒளி திரட்டும் என்றாலும் காட்சிப் பரப்பு 4.4 பாகைதான், முக்காலி இல்லாமல் அதைப் பயன்படுத்துவது கடினம். முதல் கருவியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த நிறுவனத்தின் கருவியானாலும், கையில் வந்த அன்றிரவே பிரகாசமான ஒரு விண்மீனைப் பார்த்துவிடுங்கள். இரு கண்களாலும் நிதானமாகப் பார்த்தும் அது இரண்டாகவே தெரிந்தால் குழல்கள் இணையாக இல்லை. திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் கடலோர ஈரப்பதத்தில் வில்லையில் பூஞ்சை படியும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது அவசியம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், பகலில் கருவி அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. இதன் வழியே ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலும் பார்வை போய்விடக்கூடும்.