வில்லியம் கேடிஸின் நாவலை வழக்குக் கட்டாகப் பிரித்துப் படிப்பது

அமெரிக்க எழுத்தாளர் கேடிஸின் ‘எ ஃபிராலிக் ஆஃப் ஹிஸ் ஓன்’ 1994இல் வெளியாகி, அந்த ஆண்டே அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு பெற்ற நாவல். ஏறத்தாழ 600 பக்கம். சட்டம் தெரியாதவர்களுக்கு எட்டாத புத்தகம் என்று ஒரு பயம் உண்டு. உண்மையில் மிரட்டுவது சட்டம் அல்ல, பேச்சு. மேற்கோள் குறி கிடையாது. யார் சொன்னது என்ற குறிப்பும் கிடையாது. ஒரு கோடு, அதன் பின் ஒரு குரல், அவ்வளவுதான். நடுவில் தொலைபேசி வேறு, அதிலும் ஒரு பக்கப் பேச்சுதான் கேட்கும்.

முதல் ஐம்பது பக்கத்துக்கு ஓரத்தில் பென்சிலால் பேசுபவரின் முதலெழுத்தைக் குறித்து வாருங்கள். எதை எடுத்தாலும் தன் நாடகத்துக்கும் தனக்கு இழைத்த அநியாயத்துக்கும் திரும்புபவர் ஆஸ்கர் கிரீஸ். அவரை அதட்டிக் குறுக்கே பேசுபவர் மாற்றாந்தாயின் மகள் கிறிஸ்டினா. சொல்லை எடைபோட்டுச் சட்ட விளக்கம் தருபவர் அவள் கணவர் ஹாரி, பெரிய நிறுவனத்து வக்கீல். பிறகு குறிப்பு தேவைப்படாது, காது பழகிவிடும்.

ஆஸ்கர் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர். தன் காரைக் கிளப்பும்போது அந்தக் காரே அவர்மேல் ஏறிவிடுகிறது. அடிபட்டவரும் அவரே, உரிமையாளரும் அவரே; வழக்கு யார்மேல்? இது சில்லறைக் கூத்து. கனமான வழக்கு இன்னொன்று. தாத்தாவின் கதையை வைத்து அவர் எழுதிய நாடகத்தை ஹாலிவுட் திருடிப் படமாக்கிவிட்டது என்பது பிராது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புக்கும் தனக்குப் பதிலாக ஆளனுப்பிய தாத்தா அவர். அந்த இரு பதிலாட்களும் ஆன்டியட்டம் களத்தில் (17 செப்டம்பர் 1862) ஒருவரையொருவர் கொன்றுகொண்டார்கள் என்பது நாடகத்தின் கரு.

குடும்பக் கதை யாருக்குச் சொந்தம்? பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காக்காது, அது எழுத்தில் கொண்ட வடிவத்தையே காக்கும். இரண்டுக்கும் இடையே கோடு எங்கே போடுவது என்பதுதான் தகராறு. நாவலின் தீர்ப்புப் பகுதிக்கு வருமுன், நீதிபதி லெர்னட் ஹேண்ட் 1930இல் எழுதிய நிக்கோல்ஸ் எதிர் யுனிவர்சல் தீர்ப்பைப் படித்துவிடுங்கள்; அதுவும் நாடகத்தைத் திருடிப் படமாக்கினார்கள் என்ற பிராதுதான். சில பக்கம்தான். கேடிஸ் எதைப் பகடி செய்கிறார், எதைப் பகடியே செய்யாமல் அப்படியே பின்பற்றுகிறார் என்பது விளங்கும்.

நாவலின் உச்சம் ஆஸ்கரை எதிர்த்தரப்பு வக்கீல் விசாரிக்கும் நீண்ட வாக்குமூலம். திருட்டுப்போனது என்று வந்தவரின் நாடகத்தில் பிளேட்டோவின் உரையாடல்கள் பாத்திரங்களின் வாயில் உட்கார்ந்திருப்பது அங்கே ஒவ்வொன்றாக வெளிவருகிறது. நாடகாசிரியர் யூஜீன் ஓ’நீலின் வாரிசுத் தரப்பும் பிறகு வழக்கோடு வந்து நிற்கிறது. இதற்காகத்தான் நாடகப் பகுதிகளைத் தாண்டிவிடக் கூடாது என்கிறோம். அவை இழுவை, ஒத்துக்கொள்ள வேண்டும். கேடிஸ் பல ஆண்டுகள் முன் தானே எழுதிக் கிடப்பில் போட்ட நாடகம் அது. ஆனால் அதைப் படிக்காமல் வாக்குமூலத்துக்கு வந்தால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

தொண்ணூறைத் தாண்டிய ஆஸ்கரின் அப்பா, நீதிபதி கிரீஸ், எஃகுச் சிற்பத்துக்குள் நாய் சிக்கிக்கொண்ட வழக்கில் எழுதும் தீர்ப்பை இருமுறை படிக்கலாம். வீடு முழுக்க யாரும் ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை. அவர் வாக்கியங்கள் மட்டும் இலக்கணம் பிசகாமல் முடிகின்றன. எபிஸ்கோபல் திருச்சபை பெப்சி நிறுவனத்தோடு மோதும் கிளைவழக்கு எழுத்து மாற்று விளையாட்டு (Episcopal எழுத்துகளை இடம் மாற்றினால் Pepsi-Cola), கொஞ்சம் நீண்டுவிட்டது.

சட்டத்தைத் திட்டும் நாவல் என்று விடைத்தாளில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. ‘நீதியா? நீதி கிடைப்பது அடுத்த உலகில், இந்த உலகில் இருப்பது சட்டம்’ என்ற முதல் வரியே அப்படித் தூண்டும். ஆனால் மேல்முறையீட்டில் ஆஸ்கர் ஜெயிக்கிறார். சட்டம் தன் வேலையைச் செய்கிறது. லாபத்தில் பங்கு என்ற அந்த வெற்றிதான் ஸ்டுடியோ கணக்கில் கரைகிறது. இது கற்பனை மிகை அல்ல. நகைச்சுவை எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் 1988இல் பட நிறுவனமான பாரமவுண்ட்மேல் போட்ட வழக்கிலும் நிகர லாபம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றுதான் ஸ்டுடியோ கணக்குக் காட்டியது. அது ஒப்பந்த வழக்கு, பதிப்புரிமை வழக்கு அல்ல. ஒப்பிட்டு எழுதும்போது இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேடிஸை இதற்குமுன் படித்ததே இல்லை என்றால் 1985இல் வந்த ‘கார்பென்டர்ஸ் காதிக்’கில் தொடங்கலாம். அதே கோடு போட்ட பேச்சு, பாதிக்கும் குறைவான பக்கம்.