மொட்டை மாடியில் பத்து ஆண்டுகள்: சூரிய மின்சாரமும் எங்கள் நகராட்சியும்

கோவை மாவட்டத்தின் சிறு நகராட்சி ஒன்றில் ஐந்து சென்ட் மனையில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 2015-ஆம் ஆண்டு தை மாதம் ஒரு கிலோவாட் சூரிய மின் அமைப்பைப் பொருத்தினோம். 250 வாட் தகடுகள் நான்கு, தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் ஒரு இன்வெர்ட்டர், மின்சார வரவையும் செலவையும் (தெருக் கம்பிக்கு நாம் கொடுப்பதையும் அதிலிருந்து எடுப்பதையும்) தனித்தனியே காட்டும் ஒரு மீட்டர், இவ்வளவுதான் மொத்தச் சாமான். அதே ஆண்டில் நூறு லிட்டர் சூரிய வெந்நீர்க் கலனும், 2017 கோடையில் மாடி முழுவதும் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூலிங் ஓடும் சேர்ந்தன. இந்த மூன்றையும் பல ஆண்டுகளாகப் புழங்கிவருவதால், புதிதாகப் போட நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதிலையும், இவற்றை ஊக்குவிப்பதாகச் சொல்லும் உள்ளாட்சியைப் பற்றிய என் கணிப்பையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். 2012-இல் தமிழ்நாட்டையே வாட்டிய மின்வெட்டை அனுபவித்த யாருக்கும் சூரியத் தகடு என்றவுடன் மின்வெட்டிலிருந்து விடுதலை என்ற எண்ணம்தான் வரும். நானும் அந்த எண்ணத்தில்தான் பணம் கட்டினேன். பொருத்திய முதல் வாரத்தில், உச்சி வெயிலில், தெரு மின்சாரம் போன அதே நொடியில் எங்கள் இன்வெர்ட்டரும் அணைந்தது. பேட்டரி இல்லாமல் மின்கம்பியோடு நேரடியாக இணைந்த அமைப்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்கு நம் வீட்டுத் தகட்டால் ஆபத்து வரக்கூடாது என்பதற்காகவே அது அவ்வாறு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. காரணம் நியாயமானதுதான். ஆனால் விற்றவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவில்லை. நகராட்சி மண்டபத்தில் நடந்த விழிப்புணர்வு முகாமிலும் யாரும் சொல்லவில்லை.

அப்போது மொத்த விலை ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் ஆயிற்று. மத்திய அரசின் முப்பது விழுக்காட்டு மானியமும் மாநில அரசு கொடுத்த ரூ. 20,000-உம் போக, கையிலிருந்து ரூ. 50,000 செலவழித்தோம். முதல் ஆண்டில் 1,480 யூனிட் கிடைத்தது. கடந்த ஆண்டு 1,330. தகடுகள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திறன் இழக்கும் என்பது தெரிந்ததுதான். அந்த இழப்போடு பங்குனி, சித்திரையில் படியும் புழுதியும், ஆடி மாத மேகமூட்டமும், எங்கள் பகுதியில் பெருகிவிட்ட மயில்களின் எச்சமும் சேர்ந்துகொள்கின்றன. தகட்டின் மேல்விளிம்பில் ஓர் ஆண் மயில் தோகையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும்; ஆனால் அந்த நிழல் விழும் நேரத்தில் இன்வெர்ட்டர் காட்டும் எண் பாதியாகச் சரிவதைப் பார்த்த பிறகு அழகை ரசிக்க மனம் வருவதில்லை. வாரம் ஒரு முறை, வெயில் ஏறுவதற்கு முன், ஆற்றுத் தண்ணீரால் கழுவுகிறேன். போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் படிந்து வெள்ளைத் திட்டுகள் நின்றுவிடுகின்றன. அவற்றைத் தேய்த்து எடுப்பது புழுதியைக் கழுவுவதைவிடப் பெரிய வேலை.

யூனிட் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பெரிய சேமிப்பாகத் தெரியாது. இரண்டு மாதத்திற்குச் சுமார் 240 யூனிட், அவ்வளவே. ஆனால் தமிழ்நாட்டின் இருமாத மின் கணக்கில் 500 என்ற எண்ணுக்கு உள்ள பலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 2022 செப்டம்பருக்கு முன்பிருந்த கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு ரூ. 1,130 கட்டிய வீடு, 510 யூனிட் ஓடினால் ரூ. 1,846 கட்ட வேண்டியிருந்தது. பத்து யூனிட்டுக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல் கூடியது. அம்மாவின் அறையில் ஒரு டன் ஏசி ஓடும் கோடையில் எங்கள் வீட்டுச் செலவு 640 யூனிட் வரை போகும். தகடு இல்லாவிட்டால் ரூ. 2,704 வந்திருக்கும். தகட்டின் புண்ணியத்தில் 400 யூனிட்டுக்குரிய ரூ. 830 கட்டினோம். அதன் பின் வந்த கட்டண மாற்றத்தில் 500 என்ற வரம்பைத் தாண்டும்போது ஏற்படும் அந்தக் குதிப்பு குறைந்திருக்கிறது. மாறாக, அதற்கு மேலுள்ள ஒவ்வொரு யூனிட்டின் விலையும் எட்டு ரூபாய்க்கு மேல் தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு மாதத்தில் 200 யூனிட்டுக்குள் அடங்கும் குடும்பம், முதல் நூறு யூனிட் இலவசமாகக் கிடைக்கும்போது, இதற்குச் செலவழிப்பது வீண் என்றே சொல்வேன். 500-ஐ ஒட்டி ஊசலாடும் வீடுகளுக்குத்தான் இது கைகொடுக்கும்.

பழுதுகளில் மறக்க முடியாதது, மூன்றாம் ஆண்டில் நண்பகல் வேளைகளில் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்து அணைந்து எரிந்தது. தெருவில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் ஏறியதுதான் காரணம் என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தத்தை ஒரு படி குறைத்து வைத்தவுடன் சரியாகிவிட்டது. ஒன்பதாம் ஆண்டில் இன்வெர்ட்டர் முற்றிலும் செத்தது. பொருத்திய நிறுவனம் அதற்குள் கடையை மூடிவிட்டிருந்ததால், வேறொருவரைப் பிடித்துப் புதியதை வாங்கி மாட்டினோம். கணக்கெடுக்க வந்த புதியவர் ஒரு முறை வரவையும் செலவையும் மாற்றி எழுதிவிட்டார். மீட்டரைப் படம் எடுத்துக் காட்டியதும் திருத்திக் கொடுத்தார்கள். அன்று முதல் ஒவ்வொரு கணக்கெடுப்பு நாளிலும் மீட்டரைப் படம் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வெந்நீர்க் கலனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக்கு அது நல்லது. போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் குழாய்களில் உப்பு அடைத்துக்கொள்ளும்.

இனிக் கூரைக்கு வருகிறேன். பத்து ஆண்டுகளில் மிகக் குறைவாகப் பேசப்பட்டு, மிக அதிகமாகப் பயன் தந்தது அதுதான். 2017-க்கு முன் சித்திரை மாதத்துப் பிற்பகல் நான்கு மணிக்கு, எங்கள் நடு அறையின் உட்கூரையில் ஒட்டிவைத்த வெப்பமானி 41 டிகிரி காட்டும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவு பதினொரு மணி வரை அதைக் கீழே கக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி சுழல்வது அந்த அனலைக் கிளறிவிடுவதற்கு மட்டுமே உதவும். முதல் ஆண்டு சுண்ணாம்பில் பசை கலந்து அடித்துப் பார்த்தோம். நல்ல பலன் இருந்தது, ஆனால் ஐப்பசி மழையில் கரைந்து போயிற்று. பிறகுதான் வெள்ளை ஓடு பதித்தோம். அதே அறை, அதே மாதம், அதே நான்கு மணி: 36 டிகிரி. அம்மாவின் அறை ஏசி முன்பு இரவெல்லாம் ஓடியது. இப்போது இரண்டு மணி நேரம் ஓடி அறை குளிர்ந்ததும், அவரே எழுந்து அணைத்துவிடுகிறார். மேற்குச் சுவரை ஒட்டிக் கம்பிப் பந்தல் கட்டி முல்லை ஏற்றியதில் அந்தச் சுவரின் சூடும் தணிந்தது. என்னுடைய குறிப்பேட்டின்படி, இந்த ஓடும் பந்தலும் கோடையில் மிச்சப்படுத்தும் யூனிட், தகடுகள் தரும் யூனிட்டுக்கு ஏறக்குறைய சமம். செலவோ அதில் பாதிகூட இல்லை. மயில் உட்கார்ந்தாலும் ஓடு வேலை நிறுத்தம் செய்வதில்லை.

இந்த இடத்தில்தான் நகராட்சி மேல் எனக்கு மனத்தாங்கல். முகாம் நடத்துகிறார்கள், பதாகை வைக்கிறார்கள், எங்கள் தெரு முனையில் பேட்டரியோடு கூடிய சூரியத் தெருவிளக்கும் நட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அதன் பேட்டரி செத்துவிட்டது; அதன் தகடு இன்று காக்கைகளின் இருப்பிடம். அதே தெருவில் 40 வாட் குழல்விளக்குகளை எடுத்துவிட்டு 20 வாட் எல்.இ.டி. போட்டது யார் கண்ணிலும் படவில்லை, திறப்பு விழாவும் நடக்கவில்லை. ஆனால் அந்த விளக்குகள் இன்றும் எரிகின்றன. 2018-இல் சமையலறையை நீட்டிக் கட்ட அனுமதி கேட்டுப் போனபோது, வரைபடத்தில் பக்கவாட்டு இடைவெளியை அளந்தார்கள், மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி எங்கே என்று கேட்டார்கள். கூரை எப்படி, மேற்கு வெயிலுக்கு என்ன வழி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழைநீரைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் 2003-இல் மாநிலம் முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியதுதான். வரைபட அனுமதி என்ற ஒரு கதவு உள்ளாட்சியின் கையில் இருக்கும்போது, அதன் வழியாக எதையும் வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று நமக்குத் தேவையில்லை.

2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட குடியிருப்புக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு நெறிமுறை, கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்று எழுதப்பட்டது. பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல் மனை வைத்திருப்பவர்கள் எங்கள் வார்டில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று சென்ட், ஐந்து சென்ட் வீடுகளில்தான் ஊரே குடியிருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்களுக்கு, சுயசான்றின் பேரில் இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் ஒழிந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படிவத்தில் கூரைக்கு வெள்ளை ஓடோ பூச்சோ உண்டா என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்ப்பதற்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

உள்ளாட்சியால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்திலேயே மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, குடிநீர் இறைக்கவும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் தன்னை விழுங்குவதைக் கண்டு, 2006-இல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. செலவு ரூ. 1.55 கோடி, அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். ஊராட்சியின் ஆண்டுத் தேவை நாலரை லட்சம் யூனிட் என்றால், காற்றாலை தந்தது ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம். மிச்சத்தை விற்ற பணத்தில் கடன் அடைந்தது. அதற்கு முன்பே விறகிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் வைத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். தன் கட்டண ரசீதைத் தானே எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்த ஊராட்சி அது. எங்கள் நகராட்சி அலுவலகத்தின் கூரையில் இருக்கும் தகடுகள் மாதம் எத்தனை யூனிட் தந்தன என்று நான் இரண்டு முறை கேட்டும் எனக்கு எண் கிடைக்கவில்லை.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு ரூ. 78,000 மானியம் கிடைக்கிறது. தன் எல்லைக்குள் பொருத்தப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளாட்சிக்கு ரூ. 1,000 ஊக்கத்தொகையும் உண்டு. நல்ல ஏற்பாடு. அந்த ஆயிரம் பொருத்திய அன்றைக்கு உரியது. மூன்றாம் ஆண்டில் இன்வெர்ட்டர் அணைந்து அணைந்து எரியும்போதும், ஒன்பதாம் ஆண்டில் அது சாகும்போதும் வீட்டுக்காரர் யாரைத் தேடிப் போவார் என்பதற்கும் நகராட்சியில் ஒரு மேசை இருந்தால், எனக்கு வீணான ஒரு மாதம் இன்னொருவருக்கு வீணாகாது.

மகன் இப்போது முதல் மாடி கட்டத் திட்டமிடுகிறான். தகடுகளைக் கழற்றி மேலே ஏற்ற வேண்டும்; மூன்று கிலோவாட்டாகப் பெருக்கலாம் என்கிறான். நான் சம்மதித்தேன், ஒரு நிபந்தனையோடு: மாடிப்படியையும் குளியலறையையும் மேற்கில் வைத்துப் படுக்கையறைகளைக் கிழக்கே தள்ள வேண்டும், ஓடு பதித்த பிறகுதான் தகட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். வரைபடத்தை இரண்டாம் முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.