"நாலே மாசத்துல பி2": டி.எச். ரோட்டுப் பக்கம் ஜெர்மன் கிளாஸ் சேரப்போற நர்ஸ்களுக்கு

தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர்னு நம்ம பக்கம் நர்சிங் முடிச்சிட்டு ஜெர்மனி கனவுல இருக்கிற பொண்ணுங்களும் பசங்களும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. வீட்ல அம்மா அப்பாவுக்கும் படிச்சுக் காட்டுங்க, ஏன்னா கையெழுத்துப் போட்டு நகையை அடகு வைக்கப்போறது அவங்கதான்.

என்னை ஏமாத்தின ஜெர்மன் கிளாஸ் சென்டர் பேரைப் போடல. நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டிருக்கோம், அது முடியற வரைக்கும் பேர் எழுத வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. பேர் தெரிஞ்சும் பெருசா பிரயோஜனம் இல்ல. போர்டை மாத்திட்டு ரெண்டு தெரு தள்ளித் திறக்க இவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எப்படி ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

நான் ஜி.என்.எம். முடிச்சவ. தனியார் ஆஸ்பத்திரியில வார்டு டியூட்டி. சம்பளத்தைச் சொன்னா டி.எச். ரோட்டுல துணிக்கடையில நிக்கிற பொண்ணு சிரிக்கும். ஜெர்மனியில நர்ஸுக்கு ஆள் பத்தலன்றது நிஜம், நம்ம ஊர் நர்ஸுங்க அங்க போய் நல்லா இருக்கிறதும் நிஜம். இந்த வியாபாரம் நிக்கிறதே அந்த நிஜத்து மேலதான்.

ஜெர்மன் சொல்லிக்கொடுத்து தேர்வும் நடத்துற கோத்தே இன்ஸ்டிட்யூட்டோட சென்னை மையம், மாக்ஸ் முல்லர் பவன், நுங்கம்பாக்கத்துல இருக்கு. நைட் டியூட்டி முடிச்சிட்டு தண்டையார்பேட்டையிலேர்ந்து அங்க போய் உக்காந்து படிச்சிட்டு, திரும்பி வந்து தூங்கி, மறுபடி டியூட்டிக்குப் போறது எங்களால முடியற காரியம் இல்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் "வீட்டுக்குப் பக்கத்துலயே, உங்க டியூட்டி டைமிங் பார்த்து பேட்ச்"னு பிளெக்ஸ் கட்டுறாங்க. ஜெர்மன் கொடி, ஸ்டெதஸ்கோப் மாட்டின வெள்ளைக்காரப் பொண்ணு, கீழ கொட்டை எழுத்துல: நாலே மாசத்துல பி2, நூறு சதவீதம் வேலை, விசா கியாரண்டி. (மொழி எவ்வளவு தெரியும்ன்றதுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2ன்னு ஆறு படி. பி2 நாலாவது.)

கோர்ஸ் ஃபீஸ் 85,000. அது இல்லாம "ஃபைல் ஓப்பனிங்" 10,000. ரசீது கேட்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டுல "ரெஜிஸ்ட்ரேஷன்"னு மட்டும் எழுதிக் கொடுத்தாங்க. ஜி.எஸ்.டி. நம்பர் இல்ல, முழு முகவரி இல்ல. பாக்கிப் பணத்தை வேற ஒருத்தர் பேர்ல இருந்த ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொன்னாங்க.

இப்ப கணக்குக்கு வாங்க. பி2 வரைக்கும் போக 45 நிமிஷ வகுப்புகளா 600லேர்ந்து 800 வரைக்கும் தேவைன்னு கோத்தே தன் தளத்துலயே போட்டிருக்கு. குறைஞ்ச கணக்கா 600னே வச்சாலும் 450 மணி நேரம். நம்ம சென்டர்ல ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள். நாலு மாசம் ஒரு நாள் விடாமப் போனாலும் 130 மணி நேரத்தைத் தாண்டாது. நல்ல டீச்சர் கிடைச்சா அந்த நேரத்துல ஏ1 முடிச்சு ஏ2க்குள்ள நுழையலாம். பி2ன்னு சொல்றவன் கணக்குல வீக்கா இருக்கணும், இல்ல நம்மளை வீக்குன்னு நினைச்சிருக்கணும்.

வகுப்புன்னு அவங்க சொன்னது ஒரு ஃபேன்சி ஸ்டோருக்கு மேல இருந்த ஒரே ஒரு ரூம். நேத்து சேர்ந்தவங்களும் அடுத்த மாசம் பி1 எழுதப்போறவங்களும் ஒரே பெஞ்சுல. பிளஸ் டூ முடிச்சிட்டு அவுஸ்பில்டுங், அதாவது அங்கயே சம்பளத்தோட தொழில் படிக்கிறதுக்காக வந்த பசங்களும் அதே ரூம்ல. மிஸ் வந்தா மிஸ், வராத நாள் டிவியில யூடியூப். யார் வேணும்னாலும் காசு இல்லாம பார்க்கிற சேனலை எங்களுக்குக் காசுக்குக் காட்டினாங்க. மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணே ஏ2 முடிச்சிட்டு பி1க்குப் படிச்சிட்டிருந்ததுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கும் சம்பளம் பாக்கி.

பணத்தை விட எனக்கு ஆத்திரம் என்னன்னா, எங்களைப் பேசவே விடல. டேர், டீ, டாஸ்னு ஆர்ட்டிகிள் அட்டவணையை எல்லாரும் சேர்ந்து ஒப்பிப்போம். வாட்ஸ்அப்புல கேள்வியும் பதிலும் பிடிஎஃப்பா வரும், மனப்பாடம் பண்ணிட்டுப் போய் ஒப்பிக்கணும். நடுவுல யாராவது ஒரு வார்த்தை மாத்திக் கேட்டா அவ்வளவுதான், வாய் அடைச்சுப்போகும். ஒருத்தருக்கொருத்தர் கேள்வி கேட்டுப் பதில் சொல்ற வேலை அந்த ரூம்ல நடந்து நான் பார்க்கல.

எண்களை எடுத்துக்கோங்க. ஜெர்மன்ல ரெண்டு இலக்க எண்ணை ஒன்னாம் இடத்துலேர்ந்து சொல்லுவாங்க. 45ன்னா "ஃப்யூன்ஃப்-உண்ட்-ஃபியர்ட்சிஷ்", அஞ்சும் நாப்பதும். 54ன்னா "ஃபியர்-உண்ட்-ஃப்யூன்ஃப்ட்சிஷ்", நாலும் அம்பதும். காதுல முதல்ல விழுந்ததை முதல்ல எழுதினா 45 வந்து 54 ஆயிடும். இன்சுலின் யூனிட்ல அப்படி மாறினா என்ன ஆகும்னு நர்ஸுக்கு நான் சொல்லணுமா? ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதுற பயிற்சிதான் இதுக்கு மருந்து, அதைத் தினம் பண்ணணும். எங்களுக்குக் கொடுத்தது ஒன்னுலேர்ந்து நூறு வரைக்கும் அச்சடிச்ச ஒரு தாள்.

நாலாவது மாசக் கடைசியில "எம்ப்ளாயர் இன்டர்வியூ"ன்னு சொல்லி எங்க பேட்சை உக்கார வச்சாங்க. லேப்டாப்புக்குப் பின்னாடி கோஆர்டினேட்டர் சார் கையில சார்ட் அட்டைகளோட நிப்பாரு. கேள்வி வர வர, பதில் எழுதின அட்டையைத் தூக்கிக் காட்டுவாரு, நாங்க படிக்கணும். எனக்கு முன்னாடி உக்காந்த அக்கா எட்டு வருஷம் ஐசியூவுல வேலை பார்த்தவங்க, வென்டிலேட்டரைக் கண்ணை மூடிக்கிட்டு செட் பண்ணுவாங்க. அந்தப் பக்கம் இருந்த ஜெர்மன் அம்மா வணக்கம் சொல்லிட்டு, உங்க ஊர்ல இப்ப மணி என்னன்னு கேட்டாங்க. ஏ1 கேள்விதான். அட்டையில இருந்தது "நான் மருத்துவமனையில் எட்டு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன்". அக்கா அதையே படிச்சாங்க. அந்தம்மா மறுபடி மெதுவா, கடிகாரத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டாங்க. சார் பதட்டத்துல அடுத்த அட்டையைத் தூக்கினாரு. அது சம்பள எதிர்பார்ப்பு. அக்கா அதையும் படிச்சாங்க. அப்புறம் அந்தம்மா இங்கிலீஷுக்கு மாறி, ரொம்ப மரியாதையா நன்றி சொல்லி கட் பண்ணிட்டாங்க.

எங்க எல்லாருக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். அதுக்கு சென்டர்ல சொன்ன பதிலைக் கேளுங்க: "சிஸ்டர், நாங்க இன்டர்வியூ ஏற்பாடு பண்ணிட்டோம், நீங்க ஃபெயில் ஆயிட்டீங்க, அதனால ரீஃபண்ட் கிடையாது. 25,000 கட்டுங்க, ரீ-இன்டர்வியூ பேக்கேஜ் போட்டுத் தரேன்."

கூடவே ஆளுக்கொரு சர்டிபிகேட். நீலக் கலர்ல வட்டமா மஞ்சள் நட்சத்திரம், "சி.இ.எஃப்.ஆர். பி2"ன்னு தங்க எழுத்து. கல்யாண மண்டபத்துல தாம்பூலப் பை கொடுக்கிற மாதிரி வந்தவங்க எல்லாருக்கும் ஒன்னு. ஏ1லேர்ந்து சி2 வரைக்கும்ன்றது ஒரு அளவுகோல் மட்டும்தான். ஐரோப்பிய கவுன்சில் 2001ல வெளியிட்டது. அந்த எழுத்தைத் தாள்ல அச்சடிக்க யாருக்கும் தடை இல்ல, அச்சடிச்சதால அது செல்லவும் செல்லாது. விசாவுக்கும் நர்சிங் அங்கீகாரத்துக்கும் கேக்கிறது கோத்தே, டெல்க், ஓ.எஸ்.டி. மாதிரி தேர்வு அமைப்புகளோட சான்றிதழ். படிக்கிறது எங்க வேணும்னாலும் படிக்கலாம், வீட்லயே கூடப் படிக்கலாம். தேர்வை அவங்களோட மையத்துல, பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு எழுதணும்.

பி2 தேர்வைப் பத்தியும் எங்ககிட்ட பொய்தான் சொன்னாங்க. ஒன்னுல போச்சுன்னா மொத்தமும் போச்சு, மறுபடி முழு ஃபீஸ்னு பயமுறுத்துவாங்க. கோத்தே பி2ல படிக்கிறது, கேக்கிறது, எழுதுறது, பேசுறதுன்னு நாலு பகுதி. ஒவ்வொன்னுக்கும் 100 மார்க், 60 எடுத்தா பாஸ். எதுல போச்சோ அதை மட்டும் மறுபடி எழுதலாம். பேசுற பகுதி கால் மணி நேரம்தான், ஆனா ஒரு விஷயத்தைப் பத்தி நீங்களா எடுத்துப் பேசிட்டு, அப்புறம் எதிர்ல இருக்கிறவங்களோட விவாதம் பண்ணணும். அங்க அட்டை தூக்க ஆள் கிடையாது. ஸ்லாட் வாங்கித் தரேன்னு தனியா 12,000 கேட்டாங்க. ஸ்லாட் சீக்கிரம் தீர்ந்துபோறது உண்மைதான், ஆனா தேர்வுக் கட்டணம் எவ்வளவுன்னு தளத்துலயே இருக்கு, அதைப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.

பாஸ்போர்ட், ஜி.என்.எம். மார்க் ஷீட், நர்சிங் கவுன்சில் பதிவுன்னு ஒரிஜினல் எல்லாத்தையும் "வெரிஃபிகேஷன்"னு சொல்லி முதல் வாரமே வாங்கி வச்சிருந்தாங்க. விலகறேன்னு சொன்னதும், 50,000 கட்டிட்டு வாங்கிட்டுப் போன்னாங்க. என் வாழ்க்கையே அந்த ஃபைல்ல இருந்துச்சு. இன்னொரு ஆஸ்பத்திரியில வேலைக்குப் போகணும்னாலும் கவுன்சில் பதிவு வேணும். என் அம்மாவும், கூடப் படிச்ச ரெண்டு பேரோட அம்மாங்களும் நேரா போலீஸ் ஸ்டேஷன் போனாங்க. முதல்ல "பேசித் தீர்த்துக்கோங்கம்மா"ன்னாங்க. என் அம்மா நகரல. காசிமேட்டுல மீன் ஏலத்துல நின்னு பழகினவங்க, சத்தத்துக்குக் குறைச்சல் இல்ல. கடைசியில சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பதிஞ்சதுக்கான ரசீது, போட்டுக் கொடுத்தாங்க. அதோட நகலை வாட்ஸ்அப்புல அனுப்பின மறுநாளே ஃபைல் வந்துடுச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க: பாஸ்போர்ட் இந்திய அரசோட சொத்து. உங்க ஒரிஜினல் எதையும் பணத்துக்கு ஈடா வச்சுக்க ஒரு டியூஷன் சென்டருக்கு எந்த உரிமையும் கிடையாது. ஜெராக்ஸ் கொடுங்க, ஒரிஜினலைக் காட்டிட்டு உடனே கையில வாங்கிடுங்க.

வெளிநாட்டுல வேலை வாங்கித் தரேன்னு சொல்ற ஏஜென்ட்டுங்களுக்கு 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேணும். மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கு, பேரைப் போட்டுத் தேடுங்க. பதிவு பெற்றவங்களே சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும்தான் அதிகபட்சம் வாங்கலாம். எங்க ஆளைக் கேட்டப்ப "நாங்க டிரெயினிங் மட்டும்தான், பிளேஸ்மென்ட் எங்க கேரளா பார்ட்னர்"னாரு. பார்ட்னர் பேரைக் கேட்டா "கான்ஃபிடென்ஷியல், சிஸ்டர்". ஜெர்மன் அரசுப் பக்கத்துலயே நர்ஸ் எடுக்கிற ஏஜென்சிகளுக்கு "ஃபேர அன்வெர்புங் ஃப்ளேக டாய்ச்லாண்ட்"னு ஒரு தரமுத்திரை இருக்கு. அதுல செலவை ஏத்துக்க வேண்டியது எடுக்கிற ஆஸ்பத்திரி, நர்ஸ் இல்ல. நம்ம தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு 1978லேர்ந்து ஒன்னு நடக்குது. பிளெக்ஸைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அவங்க அறிவிப்புகளைப் பாருங்க.

வகுப்பு நல்லதா இல்லையான்னு கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, பணம் கட்டாம ஒரு நாள் பின் பெஞ்சுல உக்காந்து பார்க்கிறது. டீச்சர் எவ்வளவு பேசுறாங்க, படிக்கிறவங்க எவ்வளவு பேசுறாங்கன்னு கவனிங்க. டீச்சர் எந்த லெவல் முடிச்சிருக்காங்க, சர்டிபிகேட்டைக் காட்டுங்கன்னு தைரியமா கேளுங்க. நல்ல டீச்சருக்கு அதுல கோவம் வராது. நான் இப்ப படிக்கிற இடத்துல நாங்க நாலு பேர்தான். ராத்திரி போன்ல ஒருத்தருக்கொருத்தர் வார்டு ஹேண்ட்ஓவர் கொடுத்துக்கிறோம், ஜெர்மன்ல: நாலாம் பெட், பி.பி. இவ்வளவு, சுகர் இவ்வளவு, ராத்திரி தூங்கல. தப்பும் தவறுமாத்தான் வருது. "வைல்", அதாவது "ஏன்னா"ன்னு ஆரம்பிச்சா வினைச்சொல்லைக் கடைசியில கொண்டுபோய் வைக்கணும்னு ஒரு விதி இருக்கு. இங்கிலீஷ் வழியா யோசிச்சா அது குழப்பும், தமிழ்ல யோசிச்சா தானா வந்து உக்காருது. நாலு மாசம் காசு வாங்கினவங்க யாரும் இதைச் சொல்லல. இப்ப ஏ2 முடிச்சிருக்கேன். பி1க்கு அவசரப்படல.

பணம் இன்னும் வரல. சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு இருக்கு. அஞ்சு லட்சம் வரைக்கும் கொடுத்த பணத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது, அரசோட இ-ஜாக்ரிதி தளம் வழியா ஆன்லைன்லயே போடலாம், நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். சந்தேகம் இருந்தா முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிக் கேளுங்க. எங்க சைடுல பலமா நின்னது அந்தத் துண்டுச் சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், பிளெக்ஸை எடுத்த போட்டோ, "பி2 கியாரண்டி"ன்னு சார் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்.

எங்க பேட்ச்லயோ அதுக்கு முந்தின பேட்ச்லயோ அந்த ஃபேன்சி ஸ்டோர் மாடியில படிச்சவங்க இருந்தா, பழைய வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளிய வந்துடாதீங்க, சாட்டை அழிச்சிடாதீங்க. இன்பாக்ஸ்ல வாங்க. வக்கீல் அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு மூணு பேரோட ரசீது நகல் கேட்டிருக்காரு.